தொங்கு விளக்கு: கொக்கியைப் பாருங்கள், பில்லைக் கேளுங்கள்

செங்கம் சாலை, ரமண நகர், கிரிவலப் பாதையை ஒட்டிய புது மனைகள் என்று திருவண்ணாமலையில் எங்கே வீடு எழும்பினாலும் டியூப்லைட்டோடு கூட ஒரு தொங்கு விளக்கும் வந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே கண்ணாடிக் குண்டு, கூடத்தில் பித்தளைச் சங்கிலியில் பழைய விளக்கு, வாடகை அறையில் மஞ்சள் இழை தெரியும் எடிசன் பல்பு. கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைக்கு மேலே தொங்குவது கனமும் 230 வோல்ட் மின்சாரமும் சேர்ந்த பொருள். வாங்கும்போது நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கும் அக்கறையில் பாதியைக்கூட கொக்கிக்கும் ஒயருக்கும் பில்லுக்கும் நாம் கொடுப்பதில்லை.

முதலில் கனம். கான்கிரீட் கூரை என்றால் ஆங்கர் போல்ட் கூரைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் திருகி மாட்டுவது ஆபத்து. பலகையைத் துளைத்து மேலே உள்ள கான்கிரீட்டில்தான் பிடிமானம் தேட வேண்டும். மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை இன்னும் இருக்கிறது. அங்கே கொக்கி உத்திரத்தில் இறங்க வேண்டும், செங்கல் இடுக்கில் அல்ல. சர்வதேச விளக்குத் தரத்தில் ஒரு சோதனை உண்டு: விளக்கின் எடையைப்போல் 4 மடங்கு பாரத்தை ஒரு மணி நேரம் தொங்கவிட்டாலும் அதன் பிடிமானம் உருக்குலையக் கூடாது. உங்கள் கொக்கிக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். மேசைக்கு மேலே முக்கால் மீட்டரிலிருந்து 90 சென்டிமீட்டர் இடைவெளி போதும். மின்விசிறி இறக்கைக்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

பழைய விளக்குகளில் ஆபத்து ஒயரில் ஒளிந்திருக்கும். துணி சுற்றிய ரப்பர் ஒயர் பல ஆண்டுகளில் காய்ந்து வெடித்திருக்கும். தொட்டால் பொடியாக உதிரும். பெரும்பாலான பழைய பித்தளை விளக்குகளில் எர்த் இணைப்பே கிடையாது. உலோக உடலுக்குள் ஒயர் உரசினால் பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு நேரடியாக ஷாக்தான். திருகு ஹோல்டரில் இன்னொரு சிக்கல்: ஃபேஸ் ஒயர் அடியில் உள்ள நடுப்புள்ளியில் சேர வேண்டும், நியூட்ரல் திருகு வளையத்தில். மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த விளக்கு என்று விற்றால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது என்பதை நினைவில் வையுங்கள். ஹோல்டர், ஒயர் எல்லாவற்றையும் மாற்றாமல் நம் வீட்டில் மாட்டக் கூடாது. வேலையைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற ஒயர்மேனிடம் கொடுங்கள். வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பிரம்பு, காகிதக் கூண்டுகளுக்குள் சூடேறும் 60 வாட் குண்டு பல்பு வேண்டாம். இழை தெரிகிற எல்இடியே போதும்.

புது விளக்கில் பார்க்க வேண்டியது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு. எல்இடி பல்பு, அதை இயக்கும் டிரைவர், நிலையாகப் பொருத்தும் எல்இடி விளக்கு ஆகியவற்றுக்கு இந்தியாவில் பதிவு கட்டாயம். பிஐஎஸ் முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொருளிலோ பெட்டியிலோ இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். 'சிஇ' முத்திரை இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தானே தரும் உறுதி. இங்கே பிஐஎஸ் பதிவுக்கு ஈடாகாது. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும்.

ஆன்மிகத்துக்காக உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து தங்கும் ஊர் என்பதால் இங்கே கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழைய வெண்கலத் தொங்கு விளக்கு, தூண்டாமணி விளக்கு என்று யாராவது விற்க வந்தால் அதன் அடியையும் விளிம்பையும் திருப்பிப் பாருங்கள். 'உபயம்' என்றோ ஊர், கோயில் பெயரோ பொறித்திருந்தால் அது ஒரு சன்னதியில் தொங்கிய விளக்காக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். சந்தேகம் வந்தால் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. உங்கள் வீட்டில் தங்கும் வெளிநாட்டு விருந்தாளி விளக்கொன்றை ஊருக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றை வாங்கிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, புதிதாக வார்த்த விளக்கை பில்லோடு வாங்கிக்கொள்வது. அழகில் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை பழுதான விளக்குக்குப் பொருந்தாது. சும்மா மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு 86. விளக்கால் ஒருவருக்குக் காயமோ சொத்துச் சேதமோ நேர்ந்து, தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை என்றால், விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டும். பொருளில் கடைக்காரர் மாற்றம் செய்து, அந்த மாற்றமே விபத்துக்கு முக்கியக் காரணம் என்றாலும் அவர்தான் பொறுப்பு. பழைய விளக்குக்குப் புது ஒயர் கோத்து விற்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். பெயரில்லாத மலிவுப் பொருளை விற்கும் கடைக்காரர்கள் இதை அறிந்தால் கொள்முதலில் இன்னும் கொஞ்சம் நிதானிப்பார்கள் என்பது என் எண்ணம்.

விபத்து நடந்தால் மெயினை அணைத்து, புகைப்படம் எடுங்கள். உடைந்த விளக்கைக் குப்பையில் போடாதீர்கள். 'பார்த்துச் சொல்கிறோம்' என்று கடைக்காரர் கேட்டாலும் எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வழக்கென்று வந்தால் ஆய்வகத்துக்குப் போக வேண்டிய சாட்சி அதுதான். பில் கிடைக்கவில்லையா? யுபிஐ கட்டணப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும். முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மாட்டிய ஒயர்மேனின் வேலையில் குறை என்றால் அவர்மீதும் சேவைக் குறைபாடு என்று புகார் தரலாம். புகாரை ஆணையம் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

விளக்கை டெல்லிக் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் வழக்குக்காக டெல்லி போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.