உங்களுக்குத் தெரியுமா? சார்ஜ் போடும் காரும் நடுக்கும் குளிரும்!

அந்தமானின் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை தொடங்கிய ஆண்டு 1883. கார்ல் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். ஆமாம், காரை விட அந்த ஆலைக்கு மூன்று வயது அதிகம்!

சாத்தமும் நம்ம சேலமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே வடக்கே சுமார் 11 டிகிரி 40 நிமிடம்! சாத்தத்தில் டிசம்பர் இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த அட்சரேகையிலிருந்து வெறும் கால் டிகிரி தெற்கே தள்ளி இருக்கிறது ஊட்டி. அதன் பக்கத்துத் தலைக்குந்தாவில் ஜனவரி விடியற்காலையில் பாருங்கள். கார் கூரை மேல் வெள்ளை வெளேரென்று உறைபனி!

முதலில் காரைப் பார்ப்போம். பெட்ரோலும் ஊற்றலாம், செல்போன் மாதிரி சார்ஜும் போடலாம். அதுதான் பிளக்-இன் ஹைப்ரிட். பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் பிளக்-இன் ஹைப்ரிட் அமெரிக்கக் காரும் இல்லை, ஜப்பான் காரும் இல்லை. சீனாவின் பி.ஒய்.டி எஃப்3டிஎம். வந்தது 2008 டிசம்பரில்!

இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி அதற்கும் மிகப் பழையது. ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒன்றை 1900-லேயே செய்துவிட்டார். அவர் வைத்த லத்தீன் பெயருக்கு 'எப்போதும் உயிரோடு' என்று அர்த்தம்!

இந்தியாவில் பி.எம்.டபிள்யூ ஐ8 வந்தது 2015-ல். அதுவும் பிளக்-இன் ஹைப்ரிட்தான். அப்போது விலை? 2.29 கோடி ரூபாய்!

இனி குளிருக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கிறது!

செவ்ரோலே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைப்ரிட். பேட்டரியில் முழு சார்ஜ். ஒரு சொட்டு பெட்ரோல்கூட வேண்டாம் என்று நீங்கள் கிளம்புகிறீர்கள். வெளியே உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே போயிருந்தால் போதும், இன்ஜின் தானாகவே உறுமத் தொடங்கிவிடும்! கனடாவின் ஸ்கார்பரோவில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஹீட்டரைப் போட்டதுமே இன்ஜின் விழித்துக்கொள்ளும் பிளக்-இன் கார்கள் அங்கே பல உண்டு!

ஏன் தெரியுமா? பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் சக்தியில் பாதிக்கு மேல் வெறும் சூடாகத்தான் வெளியே போகிறது. 40 சதவீதத்தை ஓட்டத்துக்குப் பயன்படுத்தினாலே பெரிய சாதனை! சாத்தத்து வெயிலில் அந்தச் சூடு தண்டம். கனடாவின் ஜனவரியில் அதுவே தங்கம்!

மின்சார ஹீட்டரின் பசியைக் கேளுங்கள். 4 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 4 யூனிட் தின்னும். 2017 டொயோட்டா பிரியஸ் பிரைம் என்ற பிளக்-இன் காரின் பேட்டரிக் கொள்ளளவே 8.8 யூனிட்தான்! சீட்டைச் சூடாக்கும் கம்பிக்கோ 100 வாட் போதும். ஒரே ஒரு குண்டு பல்பு!

அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ அமைப்பு 2019-ல் முழு மின்சாரக் கார்களைக் குளிரில் சோதித்தது. மைனஸ் 7 டிகிரி. ஹீட்டர் போடாமல் ஓட்டினால் ஓடும் தூரத்தில் இழப்பு 12 சதவீதம். ஹீட்டர் போட்டால்? 41 சதவீதம்!

அதே பிரியஸ் பிரைமில் இன்னொரு அதிசயம். மைனஸ் 10 டிகிரி வெளிக்காற்றிலிருந்தும் சூட்டைக் கறந்து காருக்குள் தரும் ஹீட் பம்ப்! இன்ஜினுக்கு அதுவரை தூக்கம்தான்!

சாத்தத்தில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ காற்றடித்த டயரை அப்படியே மைனஸ் 20-க்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். பஞ்சரே ஆகாமல் சுமார் 8 பி.எஸ்.ஐ காணாமல் போயிருக்கும்!

லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். அதனால் பல கார்கள் முதலில் பேட்டரிக்குச் சூடேற்றுகின்றன. சார்ஜ் அப்புறம்தான்!

வெறும் பெட்ரோல் காருக்கே பிளக் குத்தியவர்கள் இருக்கிறார்கள், நம்புவீர்களா? இன்ஜின் உறையாமலிருக்க மின்சூடேற்றி! வட டகோட்டாவின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1949-ல். கனடாவின் வின்னிபெக்கில் கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக பிளக் பாயிண்டுகள். எல்லாம் பெட்ரோல் கார்களுக்காக வந்தவை!

சாத்தத்தில் பிளக் குத்தினால் இன்னும் வேடிக்கை. அந்தமானுக்கு இந்தியப் பெருநிலத்திலிருந்து மின்கம்பியே கிடையாது! தனித் தீவு, தனி மின்சாரம், அதில் பெரும்பங்கு டீசலில் பிறப்பது. சாத்தத்திலேயே டீசல் மின்நிலையம் இருக்கிறது. பெட்ரோல் வேண்டாம் என்று சார்ஜ் போட்டாலும் கார் குடிப்பது டீசலைத்தான்! அதை மாற்ற அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது யார் தெரியுமா? நம்ம நெய்வேலி நிறுவனம்! நிலக்கரி தோண்டியவர்கள் தீவில் வெயிலை அறுவடை செய்கிறார்கள். சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது!

நான் தேடிப் பிடித்ததிலேயே எனக்கு உயிரான தகவல் இது. 2004-ல் அமெரிக்காவுக்குப் போன பிரியஸ் காருக்குள் ஒரு பிளாஸ்க் இருந்தது. ஆம், நாம் காபி ஊற்றி வைக்கும் அதே பிளாஸ்க் மாதிரி! இன்ஜினின் சூடான கூலன்ட் சுமார் 3 லிட்டரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கிளம்பும்போது அதை இன்ஜினுக்கே ஊற்றித் தட்டி எழுப்பும். சூடு எத்தனை நேரம் நிற்கும் என்கிறீர்கள்? மூன்று நாள்!