பாய்த்தண்டிற்கு ஒரு கவைக்கோல்

குலை தள்ளிய வாழைக்குக் கவைக்கோல் முட்டுக் கொடுத்தலை யாவரும் கண்டிருப்பர். சிறு பாய்ப்படகிற்கும் அத்தகைய முட்டு ஒன்று வேண்டும் என்பதனை யாம் ஒரு துன்பத்தின் வாயிலாகவே அறிந்தோம். பிறர் அத்துன்பம் அடையாதிருக்கும்பொருட்டு அதனைச் செய்யும் முறையை ஈண்டு எழுதுகின்றோம்.

எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், காயலிற் பயிலுதற்கென எம்மிடம் ஒப்புவித்த படகு எண்டர்பிரைஸ் என்னும் வகையினது. 1956-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் என்பார் வகுத்த வடிவம் அது. நீளம் ஏறக்குறைய 13 அடி. நம் கடற்கரை வள்ளங்களில் பாய் பருமலிற் கட்டப்பெற்றுத் தொங்கும். பெரும்பாலும் அடியில் தண்டு இராது. இப்படகிலோ பாயின் அடிவிளிம்பை ஒரு நீண்ட தண்டு தாங்கி நிற்கும். அதனைப் பூம் என்பர். பாய் விரிந்துள்ளபோது அதன் பின்விளிம்பே இத்தண்டை மேலே பிடித்திருக்கும். ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்திப் பாயை இறக்கியவுடன் அப்பிடிப்பு நீங்கும். தண்டின் பின்முனை படகினுள் வீழும். அங்கே அமர்ந்திருப்போர் தலைக்குக் காவல் ஏது?

ஆதலின் ஒரு முட்டுச் செய்யத் துணிந்தோம். இரண்டு தேக்குச் சட்டங்களைக் குறுக்காக வைத்துக் கத்தரிக்கோல் போல ஓர் ஆணியாற் பிணைத்தோம். ஆணிக்கு மேலே 5 அங்குலம் விட்டோம். அளவுகோல் எடாது கண்ணாற் கண்ட மதிப்பு அது. மூன்றாம் நாள் ஓர் அலை படகை அசைத்தது. தண்டு கவையினின்று உருண்டு, குனிந்திருந்த எம் தோழர் ஒருவரின் நெற்றியைப் பிளந்தது. நான்கு தையல் இடநேர்ந்தது.

முறிந்ததோ என எண்ணிக் கவைக்கோலை முதிய தச்சர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் அதனை விரித்துப் பார்த்து, "தம்பிமாரே, மரத்திற் குற்றமில்லை. முட்டை அளந்தீர்கள், அதன்மேல் வந்து உட்காருவதை அளக்கவில்லையே" என்றார்.

அவர் கூறியது உண்மையே. எம் தண்டின் பருமன் 3 அங்குலம். சட்டத்தின் அகலம் 2 அங்குலம். அக்கவையில் தண்டு அமரும்போது, ஆணியினின்று சட்டத்தின் வழியே ஏறக்குறைய 5¾ அங்குலத்தில் இருபுறமும் தொடவேண்டும். எம் கவையோ 5 அங்குலத்தில் முடிந்துவிட்டது. தண்டு கவைக்குள் அமராமல் நுனிகளின்மேல் தங்கியிருந்தது. சிறு அசைவும் அதனை உருட்டப் போதுமாயிற்று.

இரண்டாம் முறை செய்தது வருமாறு: சட்டம் ஒவ்வொன்றும் 40 அங்குல நீளம், 2 அங்குல அகலம், ¾ அங்குலக் கனம். மேல்நுனியிலிருந்து 10 அங்குலத்தில் துளையிட்டுத் துருப்பிடியாத எஃகுப் போல்ட்டால் பிணைத்தோம். உப்புநீரில் இரும்பு நில்லாது. அடிக்கால்கள் படகின் பின்பலகை விளிம்பைக் கவ்வுமாறு வெட்டினோம். கால்களின் இடைவெளி 24 அங்குலம். அதற்கு மேல் விரியாதபடி ஒரு கயிறு கட்டினோம். தண்டின் பாரம் மேற்கவையை விரிக்க முயலும். மேற்கவை விரிந்தால் கால்களும் விரியும். கால்கள் விரிந்தால் தண்டு தாழும். எனவே இக்கயிறே கவைக்கோலின் உயிர் எனலாம். கவையின் உட்புறத்திற்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம். இவ்வளவிற் செய்த கவைக்கோல், தண்டைப் பின்பலகைக்கு மேல் ஏறக்குறைய 32 அங்குல உயரத்தில் தாங்குகின்றது.

கையாளும் முறையும் உண்டு. கரை சேர்ந்து படகை உறுதியாகக் கட்டி, அதன் முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தல் வேண்டும். பாய் ஏறியிருக்கும்போதே ஒருவர் கவைக்கோலைத் தண்டின்கீழ் நிறுத்திப் பிடிக்க, மற்றவர் ஆஞ்சானை மெல்லத் தளர்த்தல் வேண்டும். தண்டு அமர்ந்தபின் தாமான் கயிற்றை இறுக்கினால் அது கீழ்நோக்கி இழுபட்டு அசையாது நிற்கும். மீண்டும் பாயேற்றும்போது, தண்டு கவையை விட்டு எழுந்தவுடன் கவைக்கோலை எடுத்துவிடுக. மறந்தால், காற்றில் திரும்பும் தண்டு அதனைத் தட்டி நீரில் எறியும். ஆகவே அதனையும் ஒரு சிறு கயிற்றாற் படகோடு பிணைத்திருக்கின்றோம்.

அச்சாணியின் சிறுமை கண்டு இகழலாகாது என்பதனை வகுப்பில் திருக்குறள் பயின்றபோது எளிதில் ஒப்புக்கொண்டோம். காயலிலோ தோழர் ஒருவரின் குருதி சிந்தியபின்னரே கற்றோம். இப்பொழுது ஒவ்வொரு மாலையும் பாய் இறங்குமுன் கவைக்கோலை நிறுத்திப் பிடிப்பவர், நெற்றியில் வடுவுடைய அத்தோழரே. அப்பணியை அவர் வேறெவர்க்கும் விட்டுக்கொடுப்பதில்லை, யாமும் கேட்பதில்லை.