சுளுக்கின காலும் ஏறும் சீனியும்

நெடுந்தீவில் நாள் முழுக்கச் சைக்கிளில் ஓடித்திரிந்த ஒருவருக்குக் கால் பிரண்டுவிட்டால், வீட்டில் முதலில் வருவது எண்ணெய்ப் போத்தல். அடுத்தது, "அப்பா, ஒரு கிழமைக்கு அசையாதேங்கோ" என்ற கட்டளை. ஒரு கிழமை மூன்றாகும். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் கணுக்கால் ஆறுகிற அதே நாட்களில் இரத்தத்தில் வேறொரு கேடு தொடங்கிவிடலாம்.

2010இல் வெளியான கோப்பன்ஹேகன் ஆய்வொன்று அதை அளந்து காட்டியது. நாளுக்குப் பத்தாயிரம் அடிக்கு மேல் நடந்துவந்த ஆரோக்கியமான 10 இளைஞர்களை 1,300 அடியளவோடு நிறுத்தினார்கள். இரண்டே கிழமையில் இன்சுலினுக்கு அவர்கள் உடல் இணங்கும் அளவு 17 சதவீதம் இறங்கியது. கால் தசையும் கரைந்தது. சாப்பிட்ட சோற்றின் சீனியைப் பெருமளவில் வாங்கி வைப்பது தசைதான். வழக்கமாகச் சீனி உள்ளே போக இன்சுலின் வந்து தசையின் கதவைத் திறக்கவேண்டும். தசை சுருங்கி வேலைசெய்யும்போதோ, இன்சுலின் இல்லாமலே அந்தக் கதவு திறக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தது (2006). மூன்று ஆண்டில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களில் 39 சதவீதத்தினருக்கு. உடல் எடையோ பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களுக்கு அக்குழு சொன்னது ஒன்றே: செய்கிற வேலையை விடாதீர்கள். தூரத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்த நம் தீவுப் பெண்களின் உழைப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இலங்கையின் 2005–06 ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 2018–19இல் அது ஐந்தில் ஒருவரைத் தாண்டிவிட்டது. நடையும் குறைகிறது: மோட்டார் சைக்கிள் ஓடாத ஒழுங்கை இன்று தீவுகளிலும் அரிது.

அப்படியானால் சுளுக்கின காலை என்ன செய்வது? சுளுக்குக்கு ஓய்வும் ஐசும் என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில் அதைத் திருத்திக்கொண்டார். நோவு தாங்கும் அளவுக்கு மெல்லக் கால் ஊன்றுவதே இன்றைய முறை. நாலடி வைக்க முடியாவிட்டால், கணுவெலும்பை அழுத்த நொந்தால், எக்ஸ்ரே வேண்டும். அதற்குப் படகேற நேர்ந்தாலும்தான். நாட்பட்ட நீரிழிவுக்காரரின் பாதம் நோவில்லாமல் வீங்கிச் சுட்டால் ஓரடியும் நடக்கக்கூடாது. அது சுளுக்காக இராது, எலும்பே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

மற்றவர்களுக்குக் கால் ஆறும்வரை கைகள் இருக்கின்றன. கதிரையில் இருந்தபடியே தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்கலாம்.