ஆர்க்கிடெக்சர் ஸ்டூடியோ: சரியான விடையே இல்லாத வகுப்பு!

பி.ஆர்க் 5 ஆண்டுப் படிப்பு. அதில் மாணவர்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது 'டிசைன் ஸ்டூடியோ'. அங்கே என்ன நடக்கிறது?

செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு புராஜெக்ட் தருவார்கள். உதாரணமாக, ஒரு சின்ன நூலகம். மாணவர்கள் அந்த இடத்துக்கே போய் வெயில், காற்று, மரங்கள், மழைநீர் ஓடும் திசை என எல்லாவற்றையும் குறித்து வருவார்கள். பிறகு ஸ்கெட்ச், பிளான், அட்டை மாடல்.

"மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்சிருக்கியே, சாயங்கால வெயில்ல யார் உட்கார்ந்து படிப்பா?" ஆசிரியரின் இந்த ஒரு கேள்வியில் மூன்று வார உழைப்பு சரிந்துவிடும். வலிக்கும்தான். ஆனால், பேப்பரில் தப்பு என்றால் ரப்பர் போதும். கட்டிய பிறகு தெரிந்தால், படிக்க வருபவர்கள்தான் வெயிலில் வேகணும்.

கடைசியில் 'ஜூரி'. வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்ட்கள் முன்னால் ஒவ்வொரு சுவருக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஒரே இடம், ஒரே புராஜெக்ட் என்றாலும் வகுப்பில் எல்லோருடைய விடையும் வேறு வேறு. மார்க் கிடைப்பது காரணத்துக்குத்தான்.

ஜூரிக்கு முந்தைய ராத்திரி தூங்காமல் வரைவது வழக்கம். ஆனால், அந்த ராத்திரியில் ஷீட் முடியும், டிசைன் மாறாது. அதனால்தான் சீனியர்கள் சொல்வது இது: "அரைகுறை ஸ்கெட்ச்சா இருந்தாலும் மொதல் வாரமே காட்டிடு!"