உங்களுக்குத் தெரியுமா? ஒரே வெட்டில் இரண்டு கம்பளம்

தறி இல்லை, பாவு இல்லை, ஊடையும் இல்லை. ஆனாலும் கிர்கிஸ் மக்களின் ஷிர்டாக் கம்பளம் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆட்டு ரோமத்தை நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டி அழுத்துவார்கள். இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டியான ஃபெல்ட் ஆகிவிடும். பிறகு நடப்பதுதான் அழகு. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஃபெல்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆட்டுக்கொம்புச் சுருள் வடிவத்தைக் கத்தியால் சேர்த்தே வெட்டுவார்கள். சிவப்புக் கொம்பு கறுப்பின் குழிக்குள் போகும். கறுப்புக் கொம்பு சிவப்பின் குழிக்குள் போகும். துணுக்குகூட வீணாகாமல் இரட்டைக் கம்பளங்கள் பிறந்துவிடும். இந்த வடிவத்தைத் தீர்மானித்தது அலங்கார ஆசையைவிட, கம்பளியின் அருமை தெரிந்த மேய்ச்சல் குடும்பங்களின் சிக்கனமே என்பது என் கருத்து.

சிக்கனம்தான் காரணமென்றால், வண்ணக் கம்பளியை அப்படியே பரப்பி அழுத்தும் ஆலா-கியிஸ் விரிப்பே போதுமே, இவ்வளவு தையல் எதற்கு என்று கேட்கலாம். அதில் வெட்டு வேலை இல்லைதான். ஆனால் கோலத்தின் ஓரம் கலங்கித் தெரியும், ஆயுளும் குறைவு. ஷிர்டாக்கில் இணைப்புகள்மேல் முறுக்கு நூல் ஓட்டி, அடியில் இன்னொரு ஃபெல்ட் கொடுத்து நெருக்கித் தைக்கிறார்கள். அந்தக் கூடுதல் உழைப்புதான் கம்பளியைக் காக்கிறது. மலிவான செயற்கைக் கம்பளம் கிடைக்கும்போது இது தேவையா என்பதுதான் கடினமான கேள்வி. இவ்விரு கலைகளையும் 2012இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்பு வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்ததற்கு அந்த மலிவும் ஒரு காரணம். ஆனால் கூடாரத்து மண்தரையின் குளிரைத் தடுக்கும் கனத்த கம்பளிக்கு மெல்லிய செயற்கை விரிப்பு ஈடாகாது.