ஹெல்மண்ட்: யாருடைய அரசாங்கம்?

2008 ஆகஸ்ட் கடைசியில் காந்தஹாரிலிருந்து சுமார் 100 வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. நடுவில், பாகம் பாகமாகக் கழற்றி ஏற்றிய ஒரு டர்பைன். எடை 200 டன்னுக்குக் குறையாது. போய்ச் சேரவேண்டிய இடம் ஹெல்மண்ட் மாகாணத்தின் கஜகி அணை. ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ், நேச நாட்டுச் சிப்பாய்கள் சண்டை போட்டுக்கொண்டே அதைக் கொண்டு சேர்த்தார்கள். சேர்த்ததோடு சரி. பொருத்துவதற்கு டன் கணக்கில் சிமெண்ட் வேண்டும்; சிமெண்ட் வருவதற்குப் பத்திரமான சாலை வேண்டும். சாலை பல வருடம் பத்திரமாகவில்லை. டர்பைன் ஓடத் தொடங்கியது 2016-ல்தான்.

சாலையில் தாலிபான் இருந்தார்கள் என்பது பாதி பதில். அவர்கள் எந்த ஊர், எந்தக் குலம், யார்மேல் என்ன கோபம் என்பது மீதி. அந்த மீதியைக் கேட்க அமெரிக்காவும் பிரிட்டனும் பல வருடம் எடுத்துக்கொண்டன.

இத்தனைக்கும் கஜகி அமெரிக்கர்களுக்குப் புது இடமில்லை. 1946-லேயே ஜாகிர் ஷா மன்னரின் அரசு, மோரிசன்-நட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தை அழைத்து ஹெல்மண்ட் பள்ளத்தாக்கைப் பசுமையாக்கச் சொன்னது. 1953-ல் அணை எழுந்தது. தலைமையிடமாக உருவான லஷ்கர் கா நகருக்கு ‘குட்டி அமெரிக்கா’ என்றே பெயர். வாய்க்கால் வெட்டி, மார்ஜா, நாத் அலி என்று புதுக் குடியிருப்புகள் அமைத்து, வெளியூர்களிலிருந்து பல குலத்தாரையும் நாடோடிகளையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அங்கே மண்ணுக்கு அடியில் தண்ணீர் இறங்காத கெட்டிப்படலம். பாய்ச்சிய தண்ணீர் தேங்கி, உப்புப் பூத்தது. அதைவிடப் பெரிய வில்லங்கம், நிலம் யாருக்கு, வாய்க்காலில் முதல் தண்ணீர் யாருக்கு என்பது. பூர்வீகக் குடிகளுக்கும் வந்தேறிகளுக்கும் இடையில் அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. பொறியாளர்கள் ஊர் திரும்பினார்கள். வழக்கு அங்கேயே தங்கிவிட்டது.

2001-க்குப் பிறகு இந்த மண்ணின்மேல் புது அரசைக் கட்டினார்கள். 2004 அரசியல் சட்டப்படி ஆளுநர், மாவட்டத் தலைவர், போலீஸ் அதிகாரி எல்லோரும் காபூலின் நியமனம். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும். ஊரில் என்ன நடந்தது? ஒரு குலத்துக்குப் பதவி போய்ச் சேர்ந்தால் அதன் பங்காளிப் பகையாளிக்கு வாழ்க்கை போனது.

சாங்கின் ஊரையே பார்க்கலாம். மாகாண உளவுத்துறைத் தலைவர் தாத் முகம்மது கான், அலகோசாய் குலத்தவர். அவர் ஆட்கள் அங்குள்ள இஷாக்சாய் மக்களைப் பிழிந்தெடுத்தார்கள். கப்பம், அடி, அவமானம். இஷாக்சாய்கள் தாலிபான் பக்கம் சாய இதற்குமேல் மதப் பிரசாரம் தேவைப்படவில்லை. 2006 ஜூனில் பிரிட்டிஷ் படை சாங்கினுக்குள் நுழைந்தது, தாத் முகம்மது தரப்பு ஆட்களை மீட்க. அரசைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஊர் பார்த்ததோ, வெள்ளைக்காரன் அலகோசாய் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று. போதாக்குறைக்கு, 1880-ல் பிரிட்டிஷ் படை தோற்ற மைவாந்த் பக்கத்திலேயே இருக்கிறது; பழி தீர்க்க வந்திருக்கிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தச் சிறிய ஊரில் செத்தார்கள்.

ஹெல்மண்ட் ஆளுநராக இருந்த ஷேர் முகம்மது அகுந்த்சாதா கதை இன்னும் கசப்பு. 2005-ல் அவர் அலுவலகத்தில் ஒன்பது டன் அபின் சிக்கியது. அவரை நீக்கினால்தான் ஹெல்மண்டுக்கு வருவோம் என்று பிரிட்டன் அடம்பிடித்தது, நீக்கினார்கள். நியாயமான கோரிக்கைதான், நானாக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். ஆனால் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தன் ஆட்கள் மூவாயிரம் பேரைத் தாலிபான் பக்கம் போகவிட்டதாக அவரே பின்னர் சொன்னார். நல்லவரை வைத்தாலும் கெட்டவரை எடுத்தாலும், அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு குலமும் அதன் துப்பாக்கிகளும் இருந்தன.

இதையெல்லாம் யார் சொல்லியிருக்க முடியும்? பிரிட்டிஷ் படைப்பிரிவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறியது. யாருக்கு யார் பகை என்று பிடிபடும்போது பெட்டி கட்டும் நேரம் வந்துவிடும். புதிதாக வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரனைத் தாலிபான் என்று காட்டிக்கொடுத்து, பழைய வரப்புத் தகராறை முடித்துக்கொண்டவர்கள் உண்டு.

2010 பிப்ரவரியில் மார்ஜாவுக்குப் படை போனபோது, பெட்டியில் அடைத்த அரசாங்கம் தயாராக இருக்கிறது என்றார் அமெரிக்கத் தளபதி மெக்கிரிஸ்டல். பெட்டியிலிருந்து வந்த மாவட்டத் தலைவர் பல வருடம் ஜெர்மனியில் இருந்தவர். சில மாதங்களில் அவரை மாற்றினார்கள். மார்ஜா, ரத்தம் கசியும் புண் என்று மே மாதம் அதே தளபதி சொல்லவேண்டி வந்தது.

குலச் சமூகத்தில் அரசே நிற்காது என்று சிலர் எழுதுவது சோம்பேறித்தனம். ஜாகிர் ஷா 1933 முதல் 1973 வரை, 40 ஆண்டுகள் ஆண்டார். கிராமத்துக்குள் காபூலின் கை அதிகம் நீளவில்லை. வழக்கை ஜிர்கா என்னும் ஊர்ச்சபை பார்த்தது, தண்ணீரை மீராப் என்னும் நீர்க்கட்டி பங்கிட்டார். அந்த அமைதியில் ஏழ்மையும் பெண்களின் வாயடைப்பும் இருந்தன. அதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அரசு எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு ஊரோடு ஓர் ஒப்பந்தம் இருந்தது. 2001-க்குப் பிறகு அமெரிக்கா புனரமைப்புக்கென்று ஒதுக்கிய சுமார் 14,500 கோடி டாலரில் அந்த ஒப்பந்தத்துக்கு இடமிருக்கவில்லை.

2021 கோடையில் தாலிபான் மாவட்டம் மாவட்டமாகப் பிடித்தபோது பல இடங்களில் சண்டையே நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைச் சோதனைச் சாவடிக்கு அனுப்பினார்கள். ஆயுதத்தை வைத்துவிட்டுப் போனால் உயிருக்கு உத்தரவாதம் என்றார்கள். சிலருக்கு வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சம்பளம் பார்க்காத போலீஸ்காரர்கள், தெரிந்த முகம் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போனார்கள்.