உஷார்! பழைய காருக்குள் 360 வோல்ற்றை இறக்காதீர்கள்

விபத்தில் நொறுங்கிய நிசான் லீஃப் ஒன்றின் பற்றரியை மலிவாக வாங்கி, வாசலில் நிற்கும் பழைய கொரோலாவுக்குள் பூட்டப் போகிறீர்களா? முதலில் அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள்.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் இந்த ஆசை எழுவது எனக்கு விளங்குகிறது. கராஜுகள் நிறைந்த இடம். பெற்றோல் விலை கடிக்கிறது. புது மின்கார் வாங்க எல்லோராலும் முடியாது. எங்கள் சனத்துக்கோ இதில் ஒரு கூடுதல் துணிச்சலும் இருக்கிறது. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைபட்டபோது, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டியவர்கள் நாங்கள். அந்தக் கைவண்ணத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மண்ணெண்ணெய் பிழைத்தால் புகைக்கும், எஞ்சின் மக்கர் பண்ணும், வண்டி நடுவழியில் நிற்கும். அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். 360 வோல்ற் பிழைத்தால் அடுத்த நாள் என்று ஒன்று இல்லை.

குறைந்த செலவில் பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றவே முடியாதா என்று கேட்பீர்கள். இதே ஒன்ராறியோவில் செய்திருக்கிறார்கள். 2000களின் நடுப்பகுதியில் ஒரு பழைய ஜியோ மெட்ரோவுக்குள் போர்க்லிஃப்ட் மோட்டாரைப் பூட்டி, ஆயிரம் டொலருக்குள் ஓட வைத்தார்கள். 'போர்க்கன்சுவிஃப்ட்' என்று அதற்குப் பெயர். ஆனால் அது 48 வோல்ற்றில் ஓடிய கார். வாகனப் பாதுகாப்புத் தரங்கள் உயர் மின்னழுத்தம் என்று கணக்கெடுப்பது 60 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்டத்தைத்தான். அந்தக் காரைக் காட்டி லீஃப் பற்றரியில் கை வைப்பது பெரிய பிழை.

லீஃபின் 24 கிலோவாற் மணிப் பற்றரியில் 48 மொடியூல்கள், 192 செல்கள். எடை ஏறத்தாழ 300 கிலோ. "சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டேன், இனிப் பயமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும். அந்தப் பிளக் செல்களின் தொடரை இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். பிரிந்த ஒவ்வொரு பாதியிலும் உயிர் குடிக்கப் போதுமான மின்னழுத்தம் அப்படியே நிற்கும்.

அடுத்தது பிரேக்கர். வீட்டு மின்சாரம் ஆடலோட்டம், செக்கனுக்கு 120 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. அதனால் சுவிட்சுக்குள் எழும் மின்பொறி தானாக அணைகிறது. நேரோட்டத்தில் அந்தப் பூச்சியமே வராது. வீட்டு வயரிங்குக்கு விற்கும் பிரேக்கரை இங்கே பூட்டினால், துண்டிக்க வேண்டிய கணத்தில் அதற்குள்ளேயே பொறி தொடர்ந்து எரியும். பியூஸ், கொன்ராக்ரர் எல்லாமே அந்த அளவு நேரோட்டத்துக்கென்று தரமிடப்பட்டவையாக இருக்க வேண்டும். காசு இடிக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இவைதான்.

குளிரும் சும்மா விடாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் பண்ணினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியக்கூடும். அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்தால் செல் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். லீஃபில் இதைக் கண்காணிக்கக் கணினி இருக்கிறது. கழற்றி எடுத்த பற்றரியில், அந்தக் கண்காணிப்பை நீங்கள் மீண்டும் இயங்க வைக்கும்வரை காவலுக்கு யாருமில்லை. பற்றரித் தீ எப்படியிருக்கும் என்பதை ரொறன்ரோவிலேயே பார்த்தோம். 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சப்வே ரயிலுக்குள் தீப்பிடித்தது ஒரு மின்சைக்கிள். சாதாரண மின்சைக்கிளின் பற்றரி அரைக் கிலோவாற் மணி அளவு. லீஃபினுடையது அதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு. அதை அப்பார்ட்மென்ற் நிலக்கீழ் பார்க்கிங்கில் வைத்து, மேலே இருபது மாடிச் சனம் உறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

எஞ்சினோடு கூடவே என்னென்ன போகின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிரேக்கை மெதுவாக மிதித்தாலே கார் நிற்பது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தின் உதவியால். எஞ்சின் போனால் அந்த உதவியும் போகும், மிதி கல்லாக இறுகும். தனியாக மின்பம்ப் பூட்டாமல், முந்நூறு கிலோவையும் ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் இறங்குவது கொலைக்குச் சமம். பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்கும் எஞ்சின் பெல்ற்றில்தான் ஓடுகிறது. முன்கண்ணாடிப் பனியை உருக்கும் சூடும் எஞ்சின் தந்ததே.

இன்சூரன்ஸ் கொம்பனிக்குச் சொல்லாமல் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஆபத்தின் அளவை மாற்றும் எந்த முக்கிய மாற்றத்தையும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ வாகனக் காப்புறுதியின் சட்ட நிபந்தனை. மறைத்தால் விபத்து நாளில் உங்கள் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். காப்புறுதியே இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே தண்டம் 5,000 முதல் 25,000 டொலர். ஆகவே எந்தக் கொம்பனி ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஒரு போல்ற்றையாவது கழற்ற வேண்டும். வீட்டில் 240 வோல்ற் சார்ஜர் பூட்டுவதற்கும் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புத் தேவை; ஆள் வைத்துப் பூட்டுவதானால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும்.

என் யோசனை, லீஃபின் பற்றரியை வாங்காதீர்கள், ஓடுகிற பழைய லீஃபையே முழுதாக வாங்குங்கள். 2011 மொடல் புதிதாக இருந்தபோது மதிப்பிடப்பட்ட தூரம் 117 கிலோமீற்றர். இன்று அதில் பாதிதான் மிஞ்சினாலும் ரெக்ஸ்டேலிலிருந்து பியர்சன் விமான நிலைய வேலைக்குப் போய்வரலாம்.

ஏற்கெனவே பற்றரி வாங்கி வைத்திருக்கும் தம்பிமார் இன்றே ஒன்று செய்யுங்கள். அதை வீட்டோடு ஒட்டிய கராஜில் வைத்திருக்காதீர்கள், திறக்கவும் வேண்டாம். உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரை அழைத்து அப்புறப்படுத்துங்கள். வீக்கம், சீறும் சத்தம், வெள்ளைப் புகை, இனிப்பு வாடை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அணைக்கப் போகாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 911ஐ அழையுங்கள். எரிவது காரின் லித்தியம் பற்றரி என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.